வாட்ச் கட்டிய கை

மார்ச் 3, திங்கள்

இன்றும் துருதான். ஒன்றாம் கிடங்கு மூடியைச் சுற்றி நாள் முழுக்கச் சுத்தியலால் கொத்தினேன். காதுக்குள் இன்னும் டொக் டொக் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. சாயங்காலம் போசன் வந்து பார்த்தார். டெக்கில் எங்கள் ஆறு பேருக்கும் மேஸ்திரி அவர். கடவுளும் அவர்தான், எமனும் அவர்தான்.

"இது துரு எடுத்ததா, கோழி கொத்தினதா?"

"கோழிதான் சார். முட்டை நாளைக்கு."

சிரித்தார். சிரித்துக்கொண்டே நாளைக்கும் அதே இடத்தைக் கொடுத்துவிட்டார். இந்த வாய் என்றைக்குத்தான் சும்மா இருந்தது?

இறங்க இன்னும் ஐம்பத்தெட்டு நாள். ஏப்ரல் முப்பது. பயிற்சிப் புத்தகத்தில் எல்லாப் பக்கத்திலும் கேப்டன் கையெழுத்து விழுந்தாகிவிட்டது. கயிறு, நங்கூரம், பைலட் ஏணி, தொட்டி அளவு, தீயணைப்பு, எல்லாம். ஒரே ஒரு பக்கம்தான் காலி: சுக்கான் பிடிப்பது. அது இல்லாமல் அடுத்த கப்பல் கிடையாது என்று ஆபீஸிலிருந்து கடிதமே வந்துவிட்டது. முப்பத்தாறு வயதில் வேறு வேலை தேடிப் போகமாட்டேன். எனக்குக் கடல்தான் வேண்டும். அந்தக் கையெழுத்தை வாங்காமல் இறங்கப்போவதில்லை.

மார்ச் 6, வியாழன்

நடுக்கடலில் நாற்பது நிமிடம் சுக்கான் பிடித்தேன். நெட்டை பக்கத்தில் நின்றான். என் அறைக்கூட்டாளி, இந்தக் கப்பலில் நன்றாகச் சுக்கான் பிடிக்கிறவன். சக்கரம் என்றதும் சினிமாவில் வருகிற பெரிய மரச்சக்கரம் என்றுதான் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கார் ஸ்டியரிங்கில் பாதிகூட இருக்காது. பின்னால் இருக்கிற இருநூறு மீட்டர் இரும்பு அதற்கு அடங்குகிறது.

நன்றாகத்தான் பிடித்தேன். நெட்டையே சொன்னான்: "பரவால்ல, கோடு நேராத்தான் இருக்கு."

அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. "போர்ட்" என்று ஆணை வந்தால் இடப்பக்கம், "ஸ்டார்போர்ட்" என்றால் வலப்பக்கம். அது மனப்பாடம். ஆனால் இடம் எது, வலம் எது? எனக்கு ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். வாட்ச் கட்டிய கை போர்ட். கட்டாத கை ஸ்டார்போர்ட். அவ்வளவுதான் என் வித்தை. பத்து வயதிலிருந்து இந்த மணிக்கட்டில் ஒரு வாட்ச் இருக்கிறது. ஓடாத வாட்ச்கூடக் கட்டியிருக்கிறேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் இனி எழுதமாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மத்தியானம் மூன்று மணி. கப்பலைக் கட்டியாகிவிட்டது. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். காலையில் துறைமுகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தோம். நான் போசனோடு முன்தளத்தில் கயிறுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கயிறு வேலை என்றால் கையில் வாட்ச், மோதிரம் ஒன்றும் இருக்கக் கூடாது. கயிறு அதில் மாட்டி இழுத்தால் கையும் கயிற்றோடு போய்விடும். போசனின் சட்டம், நல்ல சட்டம். கழற்றி அவருடைய கருவிப் பெட்டியில் வைத்தேன். பாதி வேலையில் வாக்கிடாக்கியில் கேப்டன்: "அவனை மேல அனுப்புங்க. நேரான கால்வாய்தான், கொஞ்ச நேரம் பிடிக்கட்டும்."

போசன் முதுகில் தட்டினார். "ஓடு. கவுத்துராத."

ஓடினேன். சுக்கான் அறைக்கு ஏறுகிற ஆறு மாடிப் படியும் ஒரே மூச்சில். புத்தகத்தின் அந்தக் காலிப் பக்கம் இன்றைக்கே நிரம்பிவிடும் என்கிற சந்தோஷம். வாட்ச் பெட்டியிலேயே கிடந்தது.

முதல் இருபது நிமிடம் ஒரு குறையும் இல்லை. நேரே போ, இன்ன திசையில் வை என்று மட்டும்தான் பைலட் சொல்லிக்கொண்டிருந்தார். துறைமுகத்திலிருந்து ஏறி வந்து வழி சொல்கிறவர் அவர். கால்வாய் லேசாக வளைகிற இடத்தில், "ஸ்டார்போர்ட் டென்" என்றார். சுக்கானை வலப்பக்கம் பத்து டிகிரி திருப்பு என்று அர்த்தம்.

எந்த ஆணையையும் முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு திருப்ப வேண்டும். முள் அங்கே போய் நின்றதும் இன்னொரு முறை சொல்ல வேண்டும். "ஸ்டார்போர்ட் டென்" என்று கணீரென்று சொன்னேன். கை போர்ட் பக்கம் போனது.

அதோடு விட்டேனா? சக்கரம் பத்தில் நின்றதும் "ஸ்டார்போர்ட் டென், சார்" என்று இரண்டாவது முறையும் சொன்னேன். கண்ணுக்கு நேர் மேலே சுக்கான் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று காட்டுகிற முள்; போர்ட் சிவப்பு, ஸ்டார்போர்ட் பச்சை. பச்சைப் பக்கம் நிற்க வேண்டியது சிவப்பில் நின்றது. பார்த்தேன். நான் பார்த்தேன்! அப்போதே கத்தியிருக்க வேண்டும். கத்தினேனா? யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, பரீட்சையில் பிட்டை மறைக்கிறவன் மாதிரி, சக்கரத்தை மெல்ல மெல்ல மறுபக்கம் கொண்டுபோனேன்.

கப்பல் சைக்கிள் இல்லை. திரும்ப நேரமாகும், திரும்பத் தொடங்கிவிட்டால் நிறுத்தவும் நேரமாகும். மூக்கு இடப்பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தது. "என்ன பண்ற நீ!" என்று கேப்டன் கத்தினதும் பின்னால் நின்றிருந்த நெட்டை என்னை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தான். கால்வாயின் எல்லையைக் காட்டுகிற மிதவை அவ்வளவு பக்கத்தில் கடந்தது, அதன் மேல் உட்கார்ந்திருந்த பறவையின் கண் தெரிந்தது. மிதவைக்கு அந்தப் பக்கம் கப்பலுக்கு ஆழம் போதாது.

ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்? இருபத்திரண்டு பேர் இருக்கிற கப்பல்டா இது.

மார்ச் 10, திங்கள்

கேப்டன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

"தப்பாத் திருப்பறது எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கு. அது இல்ல என் கேள்வி. முள்ளைப் பாத்தேல்ல?"

"பாத்தேன் சார்."

"பாத்துட்டு ஏன் வாயைத் திறக்கல?"

மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, எப்படித் தப்பாப் போச்சு?"

"கை... வேர்வைல வழுக்கிருச்சு சார்."

இனி சொல்கிற வரை சக்கரத்தின் பக்கம் வரவேண்டாம் என்றார். வழுக்கிச்சாம்! குளிர்பதனம் போட்ட அறையில் என்ன வேர்வை? பொய் சொல்வது என்று ஆகிவிட்டது, கொஞ்சம் பார்த்துச் சொல்லக் கூடாதா?

மார்ச் 11, செவ்வாய்

யாரிடமும் பேசவில்லை. துருவோடு மட்டும் பேசினேன்.

மார்ச் 14, வெள்ளி

கடலுக்குள் வந்துவிட்டோம். கிண்டல் தொடங்கிவிட்டது. ஒரு வகையில் நல்லது, கிண்டல் செய்கிறார்கள் என்றால் கோபம் தணிந்துவிட்டது என்று அர்த்தம்.

சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் ஆளாளுக்கு ஆணை. "ஸ்டார்போர்ட் டென்! உப்பு அந்தப் பக்கம்!" சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்து, "அவனை எங்கிட்ட வரச் சொல்லாதீங்கப்பா, ஸ்டோர் ரூமுக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கடல்ல குதிச்சிருவான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்து கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தக் கையால் பிடித்திருக்கிறேன் என்று பார்த்தேன். வாட்ச் கட்டிய கை.

போசன் கிடங்கைப் பெருக்க அனுப்பினார். தானியத் தூசி. மூக்கு, காது, கண் இமை எல்லாவற்றிலும் தூசி. ஐந்து மாடி ஆழத்தில் துடைப்பத்தோடு நிற்கும்போது ஒன்று தோன்றியது. அந்தப் பக்கம் காலியாகவே இருந்தால் இதுதான் என் கடைசிக் கிடங்கு.

மார்ச் 18, செவ்வாய்

வீட்டுக்குப் பேசினேன். மனைவி எடுத்ததுமே புலம்பல். மகளின் வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாராம். பெண் இடது கையால் எழுதுகிறாள், இப்போதே மாற்றிவிட்டால் நல்லது என்றாராம். ஆறு வயது.

"நானும் மாத்திப் பாக்கறேங்க. பென்சிலைப் பிடுங்கி இந்தக் கைல குடுத்தா அந்தக் கைக்குப் போயிடுது. அழுது தீக்கிறா."

மகளிடம் போனைக் கொடுத்தாள். "அப்பா, சோத்துக்கையாலதான் எழுதணும்னு டீச்சர் சொல்றாங்க. நான் சோத்துக்கையாலதான் எழுதறேன்!"

"எந்தக் கையால சாப்பிடற?"

"இந்தக் கை."

எந்தக் கை என்று போனில் எப்படித் தெரியும்? ஆனால் எனக்குத் தெரிந்தது.

"எழுதும்மா. அந்தக் கையாலயே எழுது" என்றேன். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்னொரு பொய்.

மார்ச் 19, புதன்

இந்தப் பக்கத்தை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல் மாணலாக இருக்கிறது. இருக்கட்டும்.

எல்லோருக்கும் இது சுலபம். சோத்துக்கை வலது, மற்றது இடது, குழந்தையிலேயே முடிந்துபோன விஷயம். என் சோத்துக்கை இதுதான். இதைத்தான் அடித்து மாற்றினார்கள். அப்பா ஸ்கேலால் விரல் முட்டியில் அடிப்பார். அம்மாவுக்கு அடிக்க மனசு வராது. அவள் முழுக்கைச் சட்டையின் இடது கை முனையை ஊசி நூலால் தைத்துவிட்டாள். கை உள்ளே சிறை. சாப்பாட்டு நேரத்துக்கு அந்தச் சட்டை. அவளும் அழுதாள், நானும் அழுதேன். சட்டை மட்டும் நன்றாக இருந்தது.

கை மாறிவிட்டது. ஆனால் யாராவது "ரைட்ல திரும்பு" என்று சொன்னால் மண்டைக்குள் இரண்டு கையும் எழுந்து நிற்கும். நிதானமாக இருந்தால் வாட்ச்சைப் பார்த்துக்கொள்ளலாம். அவசரத்தில் எது முந்துகிறதோ அது போகும். ஒன்பதாம் தேதி முந்தியது இந்தக் கை.

சொன்னால் என்ன நினைப்பார்கள்? முப்பத்தாறு வயது ஆளுக்கு இடம் வலம் தெரியாதாம், இவனைப் போய்க் கப்பலில் வைத்திருக்கிறோமே என்று அடுத்த துறைமுகத்திலேயே இறக்கிவிட்டால்? சொல்லாவிட்டால்? சொல்லாமல் எப்படியோ அந்தப் பக்கத்தை நிரப்பிக்கொண்டு அடுத்த கப்பலில் ஏறி, அங்கே ஒரு நாள் வாட்ச் அறுந்து விழுந்தால்?

அந்தப் பறவையின் கண் போகமாட்டேன் என்கிறது.

மார்ச் 22, சனி

சொல்லிவிட்டேன்.

காலை வேலை தொடங்குவதற்கு முன்னால் போய்க் கேப்டன் அறைக் கதவைத் தட்டினேன். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று பயம்.

"சார், அன்னிக்குக் கை வழுக்கல. எனக்கு இடம் வலம் சட்டுனு தெரியாது. சின்ன வயசுல கையை மாத்திட்டாங்க. வாட்ச்சைப் பாத்துத்தான் திருப்புவேன். அன்னிக்கு வாட்ச் இல்ல."

கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"அப்ப அன்னிக்கு எங்கிட்ட சொன்னது பொய்."

"ஆமா சார்."

"இதுக்கு முன்னாடி சுக்கான் பிடிச்சதெல்லாம் வாட்ச்சைப் பாத்து?"

"ஆமா சார்."

"முன்னாடி பாக்க வேண்டியவன் மணிக்கட்டைப் பாத்துட்டிருந்திருக்க."

அறைந்த மாதிரி இருந்தது. அது உண்மை.

கடைசியில் சொன்னார்: "கையெழுத்துப் போடுவேன்னு சொல்லமாட்டேன். செகண்ட் மேட் மத்தியானம் பன்னண்டுலேர்ந்து நாலு வரைக்கும் மேல டூட்டில இருப்பாங்க. உன் சாப்பாட்டு நேரம் உன்னுது. நடுக்கடல்ல, பக்கத்துல கப்பல் இல்லாதப்போ, அவங்க பாத்துக்கட்டும். ஒரு கண்டிஷன். வாட்ச்சைக் கீழ வெச்சுட்டு வரணும்."

இறக்கிவிடவில்லை. அதுபோதும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

வாட்ச்சைக் கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனேன். மணிக்கட்டில் வெளுத்த வளையம் மாதிரி ஒரு தடம். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று மேலே போனதும் புரிந்தது. செகண்ட் மேட்டுக்கும் புரிந்திருக்கிறது. கப்பலின் இரண்டாம் அதிகாரி அவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், பேச்சில் சர்க்கரையே கிடையாது. "முழுக்கைச் சட்டை போட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

முழுக்கைச் சட்டை. அம்மா, பாத்தியா?

நாற்பது ஆணை. ஏழு தப்பு. சின்னச் சின்னத் திருப்பம்தான், ஐந்து டிகிரி. ஒவ்வொரு தப்புக்கும் உள்ளங்கை நனைந்தது. இப்போது நிஜமாகவே வழுக்கும்.

"கையை யோசிக்காதீங்க. முள்ளைப் பாருங்க. எந்தக் கை எந்தப் பக்கம்ங்கறது உங்க தலைவலி. முள்ளு சிவப்புல இருக்கா, பச்சைல இருக்கா, அது கப்பலோட கணக்கு. அப்புறம் ஒண்ணு. தப்பாப் போனா திருத்தறதுக்கு முன்னாடி சத்தமாச் சொல்லணும். தப்புன்னு."

சொல்ல முயன்றேன். சக்கரத்தைத் திருத்துவது ஒரு நொடி வேலை. அந்த ஒரு சொல் தொண்டையிலிருந்து வருவதற்குள் உயிர் போகிறது. ஏழில் இரண்டு தடவைதான் வந்தது. அதுவும் முணுமுணுப்பு.

மார்ச் 27, வியாழன்

முப்பத்தெட்டு ஆணை, ஆறு தப்பு. ஆறிலும் சொன்னேன். "சத்தமா" என்றார் செகண்ட் மேட். "பக்கத்து வீட்டுக்காரி காதுல விழாம சண்டை போடற மாதிரி சொல்றீங்க. அந்தக் கோடியில நிக்கற பைலட் காதுல விழணும்."

கீழே வந்தால் சமையல்காரர் முறைக்கிறார். "மத்தியானம் ஆனா கப்பல் குடிகாரன் மாதிரி நடக்குது. அடுப்புல சூப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுது. நீதானா அது?"

"நான்தான்."

"சோறும் திங்காம?" என்று மூடி வைத்திருந்த தட்டை எடுத்து முன்னால் தள்ளினார். ஆறிப்போயிருந்தது. இன்றைக்கு எல்லாமே ருசியாக இருந்தது.

மார்ச் 31, திங்கள்

கிடங்குக்குள் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் ஓய்வு இல்லாததால் வந்த வினை. போசன் பிடித்துவிட்டார். "யோவ், மேல கத்துக்கிட்டுக் கீழ தூங்குவியா? எனக்கு வேலை நடக்கணும். ஒண்ணு சுக்கான், இல்ல துடைப்பம்."

"ரெண்டும்தான் சார்" என்றேன்.

திமிரு என்று திட்டினார். சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பெருக்கினேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான்.

ஏப்ரல் 4, வெள்ளி

கதை கசிந்துவிட்டது. நெட்டைக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. அவன்தான் தலையணைக்குக் கீழே வாட்ச்சைப் பார்த்துக் கேட்டான், சொன்னேன்.

காலையில் டெக்குக்கு வந்தால் என் கையுறை இரண்டிலும் பெயிண்ட். இடது சிவப்பு, வலது பச்சை. கச்சிதமாக அடித்திருந்தார்கள். போசனின் கைவேலை, கோடு பிசகவில்லை. "போட்டுக்க. இதோட மேல போ. ஒரு தப்பு வராது" என்றார். கிண்டலுக்குத்தான் செய்தார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் கிண்டல் இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு ஆசையாகவும் இருந்தது. போட்டுக்கொண்டு போனால் யார் கேட்கப்போகிறார்கள்?

தின்னர் ஊற்றிக் கழுவினேன். போசன் கோபித்துக்கொண்டார். "மணிக்கட்டைப் பாக்கற பழக்கத்தை விட்டுட்டுக் கையுறையைப் பாக்கற பழக்கமா சார்?" என்றேன். "சரி, பெயிண்ட் வீணாப் போச்சு" என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நாற்பத்திரண்டு ஆணை. இரண்டு தப்பு. இரண்டையும் கேட்டுக் கீழ் மாடியில் யாரோ கதவைத் திறந்து பார்த்தார்களாம்.

ஏப்ரல் 12, சனி

பெரிய அலை. ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். பயிற்சி கிடையாது.

ஏப்ரல் 16, புதன்

நாற்பது ஆணை, தப்பே இல்லை. குதித்துக்கொண்டு இறங்கினேன்.

ஏப்ரல் 17, வியாழன்

ஐந்து தப்பு. நேற்றைய மிதப்பு. நன்றாக வேண்டும் எனக்கு.

செகண்ட் மேட் சொன்னார்: "உங்களுக்குத் தப்பு வராம இருக்காது. அதை மனசுல வெச்சுக்கிட்டே நில்லுங்க." முதலில் சுருக்கென்று இருந்தது. பிறகு யோசித்தால் ஒரு நிம்மதி. கடலுக்கு வந்த மூன்று வருடமாகத் தப்பு வராத ஆளாக நடித்துக்கொண்டிருந்தேன். அந்த நடிப்புக்குத்தான் அத்தனை வேர்வை.

ஏப்ரல் 20, ஞாயிறு

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிதவை, பொய், சட்டைக் கை, வாட்ச்.

"எட்டு வருஷமா எங்கிட்டயும் மறைச்சீங்களா?"

"சொல்லத் தோணல."

"அதான் டாக்சில போறப்பல்லாம் 'லெஃப்ட், லெஃப்ட்'னு சொல்லிட்டு கையை அந்தப் பக்கம் காட்டுவீங்களா? டிரைவர் கிட்ட நீங்க போட்ட சண்டையெல்லாம்... அடப்பாவி மனுஷா, அந்த டிரைவருங்க எல்லாம் பாவம்ங்க!" என்று சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. "உங்க சட்டைக் கையைத் தைச்சாங்களா?" என்று மறுபடி மறுபடி கேட்டாள்.

பிறகு அவளே சொன்னாள்: "நாளைக்கு நான் போய் டீச்சர்கிட்டப் பேசறேன். எம்பொண்ணு எந்தக் கையால வேணா எழுதுவா."

ஏப்ரல் 24, வியாழன்

வீட்டிலிருந்து ஒரு வரிச் செய்தி: "பேசிட்டேன். டீச்சர் சரின்னுட்டாங்க. நீங்க உங்க வேலையப் பாருங்க."

பார்க்கிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று துறைமுகம். இந்தக் கப்பலில் எனக்குக் கடைசித் துறைமுகம். காலையில் போசன் என்னைக் கயிறு வேலைக்குக் கூப்பிடவில்லை. "உனக்கு மேல வேலை. போ" என்றார். ஓடவில்லை. நடந்து ஏறினேன். முழுக்கைச் சட்டை, பொத்தான் போட்டு.

கேப்டன் வணக்கத்துக்குத் தலையை மட்டும் அசைத்தார். நெட்டை எனக்குப் பின்னால் இரண்டடியில் நின்றான், தேவைப்பட்டால் இடிக்க. பைலட் புது ஆள், கனத்த குரல். அவருக்கு என் கதை தெரியாது.

ஒரு மணி நேரம் போயிற்று. போர்ட் ஃபைவ். மிட்ஷிப், அதாவது நடு. ஸ்டார்போர்ட் டென். சொன்னேன், திருப்பினேன், முள்ளைப் பார்த்தேன், மறுபடி சொன்னேன். சிவப்பு, பச்சை, நடு. பச்சை, நடு, சிவப்பு. உள்ளங்கை காய்ந்திருந்தது.

கடைசி வளைவு. வலப்பக்கம் அலையைத் தடுக்கக் கட்டிய கல்லணை, அதன்மேல் தூண்டில் போட்டுக்கொண்டு ஆட்கள். எதிரே ஒரு இழுவைப் படகு குறுக்கே வந்தது. பைலட் திடீரென்று குரலை உயர்த்தினார். "போர்ட் ட்வென்டி!"

"போர்ட் ட்வென்டி" என்றேன். கை ஸ்டார்போர்ட் பக்கம் போனது.

முள் பச்சையில் எட்டிப் பார்த்தது. இரண்டு டிகிரி, மூன்று இருக்கும்.

"தப்பு!" என்று கத்தினேன். "தப்பாத் திருப்பிட்டேன் சார்! போர்ட் ட்வென்டி போறேன்!"

சொல்லி முடிப்பதற்குள் சக்கரம் மறுபக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. முள் நடுவைத் தாண்டிச் சிவப்பில் இறங்கி இருபதில் நின்றது. "போர்ட் ட்வென்டி, சார்." பைலட் திரும்பி முள்ளைப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான். கல்லணை வேண்டிய தூரத்தில் நகர்ந்து போனது. தூண்டில்காரர்களில் ஒருத்தர் கையைக்கூட ஆட்டினார்.

கேப்டன் என் பக்கம் திரும்பவே இல்லை. நெட்டை நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. இன்னும் நாற்பது நிமிடம் நானே பிடித்தேன், கப்பல் கட்டுகிற வரைக்கும்.

கீழே வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். போச்சு. ஐந்து வாரம் சாப்பாட்டை விட்டு, தூக்கத்தை விட்டு, கடைசியில் அதே தப்பு, அதே ஆள் முன்னால். என்ன கைடா இது! அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கப்போகிறது. இருந்தால் இருக்கட்டும், வேறு கப்பலில் மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். யாரும் எடுக்காவிட்டால் எடுக்கிற வரைக்கும் போய் நிற்பேன்.

ஆனால் ஒன்று. மார்ச் ஒன்பதாம் தேதி சோறு இறங்கவில்லை. இன்று பசித்தது. போய் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பெட்டி கட்டியாகிவிட்டது. பயிற்சிப் புத்தகம் கேப்டன் மேஜையில் இருக்கிறது. கேட்கப் போகமாட்டேன், அவராகக் கூப்பிடட்டும். போசன் கையுறை ஒரு ஜோடி கொடுத்தார். புதுசு. பெயிண்ட் இல்லை.

மே 11, ஞாயிறு

வீடு. வந்து பத்து நாள் ஆகிறது, இன்னும் தரை ஆடுகிறது. மனைவி காலையிலிருந்து கேலி செய்துகொண்டிருக்கிறாள். காய் வெட்டிக் கொடுக்கச் சொன்னாள், இடது கையில் கத்தியை எடுத்தேன். "அட, என்னா வேகம்!" என்றாள். முப்பது வருடம் சும்மா இருந்த கைக்கு ஒன்றும் மறந்துபோகவில்லை.

மத்தியானம் மகள் என் பையைக் குடைந்து பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதிலிருந்து அதே வெறி, பால் டப்பாவைக்கூட விடுவதில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்து கேப்டனின் எழுத்தை விரலால் தடவித் தடவிப் படித்தாள்.

"சுக்... கான்... பிடிக்கத் தெரியும். தவ... தவறினால், தானே முதலில் சொல்கிறார்." கீழே இருந்த கையெழுத்தையும் படிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "என்னப்பா இது? தப்புப் பண்ணா சொல்வாராம். இதுக்கெல்லாமா கையெழுத்துப் போடுவாங்க?"

"இதுக்குத்தான்மா போட்டாங்க."

நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய நோட்டைத் திறந்து, அதே வரியைப் பார்த்து எழுதத் தொடங்கினாள். பென்சில் இடது கையில். நாக்கு வெளியே. நான் ஜூன் இருபதாம் தேதி ஏற வேண்டிய கப்பலின் காகிதங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். பதவி என்கிற இடத்தில் 'சுக்கான் பிடிப்பவர்' என்று எழுதினேன். எழுதிவிட்டு ஒரு முறை படித்துப் பார்த்தேன்.

"தப்பு!" என்று மகள் கத்தினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ரப்பரை எடுத்து அழித்தாள், தூளை ஊதினாள், அடுத்த எழுத்துக்குப் போனாள்.